முடக்கிய வீடும் மேல்முறையீடும்: கேள்வி பதில்

அமலாக்கத்துறை வழக்குகளில் ஆஜராகும் வழக்கறிஞர் என்பதால், பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் (PMLA) கீழ் வீடு முடக்கப்பட்டவர்கள் பலரும் கேட்டவற்றுக்குச் சேர்த்தே பதில் தருகிறேன். கீழே வரும் பிரிவு எண்கள் அந்தச் சட்டத்தின் பிரிவுகள்.

ஐயா, அமலாக்கத்துறை வீட்டை முடக்கியதை, முடக்கம் சரியா என்று விசாரிக்கும் டெல்லி அட்ஜுடிகேட்டிங் அத்தாரிட்டி உறுதி செய்துவிட்டது. தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு போட்டாச்சு. இனி வெளியேற்ற மாட்டார்கள்தானே?

அப்படி நம்பி இருந்துவிடாதீர்கள். மேல்முறையீடு போட்டதாலேயே தடை வந்துவிடாது. உறுதி செய்த பிறகு, 8(4) பிரிவின்படி சொத்தைக் கையகப்படுத்த அமலாக்கத்துறைக்கு அதிகாரம் உண்டு. அதனால் மேல்முறையீட்டோடு இடைக்காலத் தடை மனுவையும் சேர்த்தே போடுங்கள். வெளியேறச் சொல்லும் நோட்டீஸ் கேட்டில் ஒட்டிய பிறகு ஓடினால் அவகாசம் மிகக் குறைவு.

உங்களுக்குப் பெரிய பலம், விஜய் மதன்லால் சவுத்ரி வழக்கில் 2022 ஜூலை 27 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு. அமலாக்கத்துறையின் அதிகாரங்களைப் பெரும்பாலும் ஏற்ற தீர்ப்புதான் அது. ஆனாலும், சொத்தை அரசுக்கே சேர்க்கும் பறிமுதல் உத்தரவு வருவதற்கு முன்பே வீட்டைக் கையகப்படுத்துவது விதிவிலக்காக இருக்க வேண்டுமே தவிர, வழக்கமாக இருக்கக் கூடாது என்று அதில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. மனுவில் இதை முதலில் வையுங்கள்.

வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், வேறு வீடு உண்டா, வயதானவர்கள் இருக்கிறார்களா என்பதை ஆதாரத்தோடு எழுதுங்கள். மின் கட்டண ரசீது, வீட்டு வரி ரசீது, ரேஷன் அட்டை எல்லாம் இணையுங்கள். விற்க மாட்டோம், அடமானம் வைக்க மாட்டோம் என்று நீங்களாகவே உறுதிமொழி கொடுங்கள். அரசின் நலனுக்குக் கேடு இல்லை என்று தெரிந்தால், தற்போதைய நிலையே தொடரட்டும் என்று உத்தரவு வாங்குவது எளிதாகும்.

முடக்கம் இப்போதுதான் வந்திருக்கிறது. வீட்டில் குடியிருக்கலாமா?

தாராளமாக. தற்காலிக முடக்கம் அதிகபட்சம் 180 நாள். அந்தக் காலத்தில் நீங்களோ வாடகைதாரரோ வீட்டை அனுபவிப்பதை 5(4) பிரிவு தடுக்கவில்லை. விற்கவோ பெயர் மாற்றவோதான் முடியாது.

குற்றம் நடந்ததாகச் சொல்லும் காலத்துக்கு முன்பே அப்பா வாங்கிய வீடு, அண்ணா. அதையும் முடக்கலாமா?

குற்றப் பணத்துக்கு ஈடான மதிப்புள்ள சொத்தையும் சட்டம் சேர்த்துக்கொள்வதால், பழைய பத்திரத் தேதி ஒன்றே போதாது. வீடு அப்பா பெயரில் இருந்தால், அவருடைய சம்பளச் சான்று, கடன் கணக்கு, வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் திரட்டி, அவர் பெயரிலேயே தனியாக மேல்முறையீடு செய்யுங்கள். உங்கள் மனுவுக்குள் அவர் வாதத்தைச் செருகினால் அது எடுபடாமல் போகும். இத்தகைய வழக்குகளில் பெற்றோரின் வீடு சிக்கிக்கொள்வதைப் பார்க்க வேதனையாக இருக்கிறது.

கெடு எவ்வளவு?

அட்ஜுடிகேட்டிங் அத்தாரிட்டியின் உத்தரவு கைக்குக் கிடைத்ததிலிருந்து 45 நாளுக்குள் தீர்ப்பாயம். அங்கே தோற்றால் 60 நாளுக்குள் உயர் நீதிமன்றம், தக்க காரணம் இருந்தால் மேலும் 60 நாள். நீங்கள் வழக்கமாக வசிக்கும் பகுதிக்குரிய உயர் நீதிமன்றத்திலேயே போடலாம். உத்தரவு வந்த தபால் உறையைப் பத்திரமாக வைத்திருங்கள். கிடைத்த தேதிக்கு அதுவே சாட்சி.