ராஜ்ய புரஸ்கார் வரைக்கும் ‘பேக்கேஜ்’னா கட்டாதீங்க: ஸ்கவுட் பெற்றோர் கூட்டத்துக்குப் போறதுக்கு முன்னாடி

கேள்வி: வணக்கம் சார். நாங்க திண்டிவனம் பக்கம். பையன் தனியார் ஸ்கூல்ல ஆறாவது படிக்கிறான், இந்த வருஷம் ஸ்கவுட்ல சேத்துருக்காங்க. வர்ற சனிக்கிழமை பெற்றோர் வரவேற்பு கூட்டம்னு சர்க்குலர் வந்துருக்கு. அதுலயே யூனிஃபார்ம், கேம்ப், ராஜ்ய புரஸ்கார் வரைக்கும் எல்லாம் சேத்து 6,500 ரூபா, வெளியில இருந்து வர்ற ட்ரெய்னர்கிட்ட கட்டணும்னு போட்டுருக்கு. பின்னாடி ரயில்வே வேலைக்கும் உதவுமாம். ராத்திரி தங்குற கேம்ப்னு சொன்னதும் எனக்கு பயமா இருக்கு. கூட்டத்துல எந்திரிச்சு என்ன கேக்கறதுன்னே தெரியல.

பதில்: பையன ஸ்கவுட்ல சேத்தது நல்ல விஷயம்மா, அதுல ஒண்ணும் சந்தேகம் வேணாம். கூட்டத்துக்கும் கண்டிப்பா போங்க. பெற்றோரை முதல்லயே கூப்பிட்டு பேசற ஸ்கூலே இப்ப கம்மி, பாதி இடத்துல பையன் யூனிஃபார்ம் வேணும்னு வந்து நிக்கும்போதுதான் வீட்டுக்கே தெரியுது. ஆனா அந்த 6,500ஐ கையில எடுத்துக்கிட்டு போகாதீங்க. ‘ராஜ்ய புரஸ்கார் வரைக்கும்’ங்கிற அந்த ஒரு வரிதான் எனக்கு இடிக்குது.

ஏன்னு சொல்றேன். ஸ்கவுட்ல பையன் ஒவ்வொரு படியா ஏறணும். முதல்ல பிரவேஷ், அப்புறம் பிரதம் சோபான், த்விதிய சோபான், த்ரிதிய சோபான், அதுக்கப்புறம்தான் ராஜ்ய புரஸ்கார், அதாவது ஆளுநர் விருது. அதுக்கும் மேல ராஷ்டிரபதி, அது குடியரசுத் தலைவர் விருது. ஒவ்வொரு படிக்கும் நடுவுல இத்தனை மாசம்னு கணக்கு இருக்கு, எல்லாத்தையும் கூட்டினா ராஜ்ய புரஸ்கார் தொடறதுக்கே ரெண்டரை மூணு வருஷம் ஆயிடும். உங்க பையன் இன்னிக்கு சேந்தா ஒம்பதாவது வாக்குல அந்த விருதுக்கு சோதிக்கிற டெஸ்டிங் கேம்புக்கு போவான், அதுவும் நடுவுல விடாம பண்ணா. அப்புறம் த்ரிதிய சோபான் டெஸ்ட் ஸ்கவுட் மாவட்டச் சங்கம் வைக்கிறது, ராஜ்ய புரஸ்கார் டெஸ்ட் மாநிலம் வைக்கிறது, ராஷ்டிரபதிக்கு தேசிய தலைமையகமே வைக்கும். ஆக அந்த ட்ரெய்னர் கையில இல்லாத ஒண்ண இன்னிக்கே வித்து காசு வாங்குறாரு. மூணு வருஷம் கழிச்சு அவர் அந்த ஸ்கூல்ல இருப்பாரான்னே யாருக்கும் தெரியாது, ரெண்டாவது வருஷம் வேற ஸ்கூல் வேற பேக்கேஜ்னு போயிடுவாரு, நீங்க சர்க்குலரை கையில வெச்சுக்கிட்டு நிப்பீங்க.

‘முடிச்சு குடுத்துடறேன், சர்டிபிகேட் என் பொறுப்பு’ன்னு சொல்றவங்களும் இருக்காங்க. இவங்க வேலை எப்படி தெரியும்ங்கிறீங்க? லாக் புக்கை, அதாவது பையன் பண்ணதெல்லாம் தேதி போட்டு எழுதற நோட்டை, தொறந்தா போதும். பதினாறு வாரத்து தேதி இருக்கும், பதினாறும் ஒரே பேனா, ஒரே மை, ஒரே சாய்வு, ஞாயித்துக்கிழமை தீபாவளியன்னிக்கு கூட ட்ரூப் மீட்டிங் நடந்ததா கையெழுத்து இருக்கும். இப்படி வந்த பையன டெஸ்டிங் கேம்ப்ல எக்ஸாமினர் கூப்பிட்டு ஒரு கயித்த குடுத்து, இடுப்ப சுத்தி போலைன் கட்டுப்பாம்பாரு. போலைன்னா ஆளைக் காப்பாத்தறதுக்கு போடற முடிச்சு, இழுத்தாலும் இறுகாது. பையன் ரெண்டு சுத்து சுத்துவான், ஒரு இழு இழுப்பான், அது அப்படியே வயித்த இறுக்கும், முகம் செவந்து நிப்பான். தப்பு அவன்மேலயா சொல்லுங்க? மத்த பிள்ளைங்க முன்னாடி கூனிக் குறுகறது மட்டும் அவன்.

சரி, கூட்டத்துல என்ன கேக்கணும்? முதல் கேள்வி, ‘என் பையனோட பிஎஸ்ஜி யுஐடி நம்பர் என்ன’ன்னு. பிஎஸ்ஜின்னா பாரத் ஸ்கவுட்ஸ் அண்ட் கைட்ஸ், யுஐடின்னா உறுப்பினர் நம்பர். இப்ப உறுப்பினர் பதிவு ஆன்லைன்ல வந்துருச்சு, பாரத் சாரண சாரணியர் இயக்கத்துல பதிஞ்ச ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நம்பர் உண்டு, வருஷா வருஷம் புதுப்பிக்கணும். நம்பர் இல்லைன்னா உங்க பையன் இன்னும் ஸ்கவுட்டே இல்ல, சும்மா ஸ்கார்ஃப் கட்டின மாணவன், அவ்வளவுதான். இதுல ட்ரெய்னர் மட்டும்னு இல்ல, சங்கத்து ஆளுங்க மேலயும் எனக்கு கோவம் உண்டு. பெத்தவங்க கிட்ட பீஸ் ஜூன்லயே வாங்கியாச்சு, பதிவு பண்றது டிசம்பரா ஜனவரியான்னு யாருக்கும் அவசரமில்ல, கேட்டா சர்வர் டவுனு, பாஸ்வேர்டு பழைய ஹெச்எம் கிட்ட இருக்கு, அவரு மாறுதல்ல போயிட்டாருன்னு பதில் வரும். நாள் கணக்கு பதிவுலருந்துதான் ஓடுதுன்னா இதுல போறது பையனோட மாசங்கள். அரசுப் பள்ளில பாத்தா பாவம் அந்த ஆசிரியரே பாடம் எடுத்து, எமிஸ்ல (பள்ளி விவரம் ஏத்துற ஆன்லைன் பதிவு) என்ட்ரி போட்டு, மிச்ச நேரத்துல ஸ்கவுட் பாக்குறாரு, அவருக்கு ஒரு பீரியட் கூட ஒதுக்க மாட்டாங்க. ஆனா போட்டோவுக்கு மட்டும் குடியரசு தினத்தன்னிக்கு முன் வரிசையில ஸ்கவுட் வேணும்.

ரெண்டாவது கேள்வி, ‘யூனிட்டுக்கு வாரண்ட் வாங்கின ஸ்கவுட் மாஸ்டர் யாரு’ன்னு. வாரண்ட்னா படைய நடத்த சங்கம் குடுக்கற அனுமதிப் பேப்பர். ஒரு படைய நடத்துறவரு குறைஞ்சது பேசிக் கோர்ஸ் முடிச்சிருக்கணும், அதுக்கு மேல அட்வான்ஸ்டு, அதுக்கும் மேல ஹிமாலயா உட் பேட்ஜ், அத ஹெச்டபிள்யூபின்னு சுருக்கி சொல்லுவாங்க. உங்களுக்கு இந்த பேரெல்லாம் ஞாபகம் வெச்சுக்க வேணாம். ‘பேசிக் முடிச்சவரு இங்க யாரு சார், வாரண்ட பாக்கலாமா’ன்னு ஒரே வரி கேளுங்க. நல்ல மாஸ்டர்னா சந்தோஷமா காட்டுவாரு, அந்த பேப்பருக்கு அவரு எவ்வளவு நாள் நடையா நடந்தாருன்னு அவருக்குத்தான் தெரியும். முறைச்சா புரிஞ்சுக்கோங்க. வெளி ட்ரெய்னர் வந்து சொல்லித்தரக்கூடாதுன்னு இல்ல, ஆனா ஸ்கூல்ல ஒரு ஆசிரியர் பொறுப்புல இருக்கணும், பணம் அந்த ட்ரெய்னர் ஜிபேக்கு போகக்கூடாது.

மூணாவது, லெட்டர்ஹெட்ல என்ன பேரு இருக்குன்னு பாருங்க. ஸ்கவுட்னு பேரு வெச்ச சங்கம் நாட்டுல ஒண்ணு ரெண்டு இல்ல. அந்தக் காலத்துல இப்படி தனித்தனியா கெடந்த சங்கங்களைத்தான் 1950 நவம்பர் 7ல ஒண்ணாக்கி பாரத் ஸ்கவுட்ஸ்னு ஆக்குனாங்க, பொண்ணுங்க பிரிவான கைட்ஸ் 1951 ஆகஸ்ட் 15ல வந்து சேந்தாங்க. உலக ஸ்கவுட் அமைப்புல இந்தியா சார்புல இருக்கறது இந்த பாரத் சாரண சாரணியர் இயக்கம்தான். நான் மேல சொன்ன படிகள், விருது, டெஸ்டிங் கேம்ப் எல்லாம் இதுக்குள்ள நடக்குறது. சர்க்குலர்ல வேற ஏதோ ‘அகாடமி’, ‘மிஷன்’னு இருந்தா அங்கேயே நிறுத்திடுங்க.

இங்க ஒரு விஷயம் விளக்கிடறேன், இல்லைன்னா அடுத்த வாரம் இதுக்கே பத்து லெட்டர் வரும். நான் சொன்ன மாவட்டச் சங்கம், அந்த சங்கத்தோட மாவட்டச் செயலாளர் இதெல்லாம் தமிழ்நாடு மாநிலத்துக்கு கீழ வர்ற பள்ளிகளுக்கு. உங்க பையன் படிக்கிற மாதிரி ஸ்கூலுக்கு அதுதான். ஆனா பிள்ளை கேந்திரிய வித்யாலயாவுல படிச்சா கதையே வேற, ஏன்னா பாரத் ஸ்கவுட்ஸ்ல கேவிஎஸ், அதாவது அந்தப் பள்ளிகளை நடத்துற அமைப்பு, தனியா ஒரு மாநிலம் மாதிரி. கேவி எந்த ஊர்ல இருந்தாலும் அந்தப் பிள்ளையோட த்ரிதிய சோபான், ராஜ்ய புரஸ்கார் கேம்ப் எல்லாம் கேவிஎஸ் வழியாத்தான் போகும், நம்ம மாவட்டச் செயலாளர் வீட்டு வாசல்ல போய் நின்னா அவரால ஒண்ணும் பண்ண முடியாது. அதே மாதிரி ரயில்வேயும் தனி, ரயில்வே காலனில இருக்கற ஓப்பன் குரூப்ல, அதாவது ஸ்கூலோட சேராத குரூப்ல, பிள்ளைய சேத்தா அது தெற்கு ரயில்வே கணக்கு. பையன் பேரு ஸ்கூல்லயும் இருக்கு, காலனி குரூப்லயும் இருக்குன்னு ரெண்டு எடத்துல போட்டு வெச்சா பின்னாடி லாக் புக்ல குழப்பம் வரும், ஒண்ண முடிவு பண்ணிக்கோங்க. உங்க பக்கத்துலருந்து பாண்டிச்சேரிக்கு பஸ்ஸுல போய் படிக்கிற பிள்ளைங்க இருக்காங்கல்ல, அவங்களுக்கு புதுச்சேரி சங்கம், தமிழ்நாடு இல்ல. அங்க நவோதயால படிச்சா அது மறுபடியும் வேற. நடுவுல ஸ்கூல் மாறினா பழைய யூனிட்லருந்து லாக் புக், ட்ரான்ஸ்ஃபர் லெட்டர் ரெண்டையும் கையோட வாங்கிடுங்க, டிசி வாங்குற அன்னிக்கே. அப்புறம் வந்து தரேன்னா தர மாட்டாங்க.

ரயில்வே வேலை விஷயத்துக்கு வருவோம். ஸ்கவுட் கோட்டா இருக்கறது உண்மைதான், பொய் இல்ல. ஆனா அதுக்கு ராஜ்ய புரஸ்கார் பத்தாது. ராஷ்டிரபதி விருது வேணும், இல்ல ஹெச்டபிள்யூபி வேணும், அதோட 5 வருஷம் இயக்கத்துல ஆக்டிவா இருந்த ஆதாரம், தேசிய அளவுல ரெண்டு நிகழ்ச்சி, மாநில அளவுல ரெண்டு நிகழ்ச்சில கலந்துக்கிட்ட சர்டிபிகேட், இத்தனையும் கேப்பாங்க. ஒரு ரயில்வே மண்டலத்துக்கு வர்ற இடத்த விரல் விட்டு எண்ணிடலாம், பரிட்சையும் எழுதணும். ஆறாவது படிக்கிற பிள்ளையோட அம்மாகிட்ட இதச் சொல்லி காசு கேக்குறவன நான் நம்ப மாட்டேன். மார்க் விஷயமும் அப்படித்தான், கிரேஸ் மார்க்னு சிலர் சொல்லுவாங்க, அது கேரளா போர்டு பிள்ளைங்களுக்கு, நம்ம பத்தாவது மார்க் ஷீட்ட அத வெச்சு கணக்கு போடாதீங்க.

யூனிஃபார்ம். ஸ்டீல் கிரே சட்டை, நேவி ப்ளூ பேன்ட், ஊர்ல டெய்லர்கிட்ட துணி குடுத்து தெச்சுக்கலாம், வளர்ற பையன், கொஞ்சம் தாராளமா தைக்கச் சொல்லுங்க. ஸ்கார்ஃப், பேட்ஜ், பெல்ட் மட்டும் சங்கத்து ஸ்கவுட் ஷாப்ல வாங்குறது. உறுப்பினர் பேட்ஜ் பிரவேஷ் முடிச்சு, உறுதிமொழி எடுத்த பிறகுதான் குத்தணும், ஆக ஜூன்லயே பேட்ஜ் விசில் எல்லாம் போட்ட ‘ஃபுல் கிட்’ பை ஒண்ண நீட்டுனா வேணாம்னுடுங்க.

இப்ப உங்க பயம், கேம்ப். பயம் நியாயம்தான், அத சிரிச்சு மழுப்புற மாஸ்டர் எனக்கும் ஆகாது. 2025 ஜனவரி கடைசில மணப்பாறை சிப்காட்ல ஸ்கவுட் பெருந்திரளணி (ஜாம்போரி) நடந்துச்சே, அது மாதிரி பெரிய கேம்ப்ல எல்லாமே கண் முன்னாடி நடக்கும், ஊரே வந்து பாக்கும். பிரச்சனை வர்றது சின்ன இடத்துல, பேர் தெரியாத ஆளு நடத்துறதுல. 2024ல கிருஷ்ணகிரி மாவட்டத்துல ஒரு தனியார் பள்ளில என்சிசி கேம்ப்னு சொல்லி போலி ஆளுங்க உள்ள வந்து பிள்ளைங்களுக்கு நடந்த கொடுமை உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். யாரும் ஒரு போன் போட்டு ‘இவங்க உங்க ஆளுங்களா’ன்னு என்சிசி ஆபீஸ்ல கேக்கல. ஆதலால நீங்க கேளுங்க. கேம்ப் தேதி, இடம் சொன்னதும் மாவட்டச் செயலாளருக்கு போன் பண்ணி இந்த கேம்ப் உங்க அனுமதிலதான் நடக்குதான்னு விசாரிங்க. எத்தன ஆசிரியர் கூட தங்குறாங்க, அவங்க பேரு என்ன, பிள்ளைங்க படுக்கற இடம் தனியா, ராத்திரி வீட்டுக்கு போன் பண்ண விடுவாங்களா, இதெல்லாம் எழுத்துல கேக்கலாம். பெற்றோர் வந்து பாக்கக் கூடாதுன்னு ஒரு கேம்ப் சொன்னா அனுப்பாதீங்க, வேற பேச்சே இல்ல. பொண்ணுங்களா இருந்தா அவங்க படைய நடத்துற கைட் கேப்டன் பெண்ணாத்தான் இருக்கணும், கூடவும் அவங்கதான் தங்கணும். உங்க பையனுக்கு முதல் வருஷம் பகல் ஹைக் (நடைப் பயணம்), ஸ்கூல்லயே ஒரு நாள் கேம்ப், இத்தனை போதும்.

இன்னொண்ணு, இது பெத்தவங்க பலபேருக்கு தெரியாதது. ஸ்கவுட் குரூப்புக்கு ஒரு குரூப் கமிட்டி உண்டு, அதுல பெற்றோரும் இருக்கலாம். கூட்டத்துல டீ குடிச்சிட்டு கிளம்பிடாம ‘கமிட்டில என் பேர போட்டுக்கோங்க’ன்னு சொல்லுங்க. கணக்கு நோட்டு உங்க கண்ணுக்கு வரும், பேக்கேஜ்காரங்க பாதி பேரு அதோட வேற ஊரு பாத்து போயிடுவாங்க. வீட்டுலயும் உங்களுக்கு ஒரு வேலை இருக்கு. பிரவேஷுக்கு பையன் தினம் ஒரு நல்ல காரியம் செஞ்சு ஒரு மாசத்துக்கு டைரில எழுதணும். ‘அம்மாவுக்கு உதவினேன்’னு முப்பது நாளும் ஒரே வரிய எழுதிட்டு வருவான், என்ன உதவின, எப்ப உதவினன்னு கேளுங்க. தண்ணி லாரி வந்தப்ப பக்கத்து வீட்டு பாட்டிக்கு ரெண்டு குடம் தூக்கிக் குடுத்தேன்னு எழுதுனா அது டைரி.

சனிக்கிழமை யுஐடி நம்பரும் வாரண்டும் ரெண்டும் கேட்டுட்டு வாங்க. நம்பர் குடுத்து, வாரண்டையும் காட்டுனாங்கன்னா இந்த வருஷ உறுப்பினர் கட்டணத்த மட்டும் கட்டுங்க, ஸ்கூல் பேர்ல ரசீது வாங்கிக்கோங்க. ஒண்ணும் நகரலைன்னா மாவட்டச் செயலாளருக்கு ஒரு மனு, அதோட அந்த சர்க்குலர் ஜெராக்ஸ் ஒண்ணு, ரெண்டையும் ஸ்பீட் போஸ்ட்ல அனுப்புங்க. நேர்ல குடுத்தா ஆபீஸ்ல ஆள் இல்ல, சீல் இல்ல, மேடம் லீவுன்னு அலையவிடுவாங்க.