சிப் கொதிக்கிறது, ஹீட்சிங்க் வெதுவெதுப்பாக இருக்கிறது!

கேள்வி: பழைய ஆன்ட்மைனர் எஸ்9 என்ற பிட்காயின் மைனிங் மெஷினின் போர்டிலிருந்து கழற்றிய 4 பிஎம்1387 சிப்களை வைத்து, ஒரு சின்ன மைனிங் போர்டு (ஓயாமல் கணக்குப் போட்டு பிட்காயின் ஈட்டுவது) செய்திருக்கிறேன். 1, 2 ஒரு ஜோடி; 3, 4 இன்னொரு ஜோடி; ஜோடிக்குள் பேரலல், ஜோடிகள் இரண்டும் சீரிஸ். பின்பக்கம் சூடு கடத்தும் பேஸ்ட் தடவி ஒரே அலுமினிய ஹீட்சிங்க் (சூட்டை இழுத்து வெளியேற்றும் தகடு), இரண்டு ஸ்க்ரூ. 2-ம் 4-ம் 95 டிகிரிக்குப் போய் நின்றுவிடுகின்றன, மற்ற இரண்டும் 60-ஐத் தாண்டவில்லை. பெரிய ஃபேன் போட்டும் பலனில்லை. ஹீட்சிங்க் வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது.
- வாசகர், குளச்சல்

பதில்: ஃபேனை விட்டுவிடுங்கள் தம்பி. சூடு ஹீட்சிங்குக்கே வந்து சேரவில்லை, அப்புறம் ஃபேன் எதைக் குளிர்விக்கும்? ஹீட்சிங்கும் கை வைக்க முடியாமல் கொதித்தால்தான் காற்று போதவில்லை என்று அர்த்தம்.

வோல்டேஜையும் சந்தேகப்பட வேண்டாம். பேரலலில் இருப்பதால் 1-க்கும் 2-க்கும் ஒரே வோல்டேஜ்தான், ஆனால் ஒன்று 60, மற்றது 95. ஒரு ஜோடி மொத்தமாகச் சூடாகியிருந்தால் மல்டிமீட்டரை எடுத்து இரண்டு ஜோடிக்கும் வோல்டேஜ் சரிசமமாகப் பிரிகிறதா என்று பார்க்கச் சொல்லியிருப்பேன். ஆக மிச்சம் இரண்டு இடம்: சிப்பின் அடியில் உள்ள பெரிய பேடின் (உலோகப் பரப்பின்) சோல்டர், இல்லையென்றால் போர்டுக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே இடைவெளி.

கரண்டை நிறுத்தி ஹீட்சிங்கைக் கழற்றி, பேஸ்ட் பதிந்திருக்கும் விதத்தைப் பாருங்கள். 2, 4 இருக்கும் இடத்தில் மட்டும் தடிமனாக, அமுங்காமல் நின்றால் போர்டு வளைந்திருக்கிறது. இரண்டு ஸ்க்ரூவுக்கு அது சகஜம். நாலு மூலையிலும் ஸ்க்ரூ போட்டு, குறுக்கும் நெடுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். பேஸ்டுக்குப் பதிலாக, கரண்ட் கடத்தாத சிலிக்கோன் தெர்மல் பேடு (சூடு கடத்தும் மெத்தைத் துண்டு) போடுங்கள், இதை அழுத்தியே சொல்கிறேன், ஏனென்றால் சீரிஸில் மேல் ஜோடியின் கிரவுண்டும் (மைனஸ் பக்கம்) கீழ் ஜோடியின் கிரவுண்டும் ஒன்றல்ல. இப்போது அலுமினியத்துக்கும் செம்புக்கும் நடுவே இருப்பது போர்டின் மேல் உள்ள சோல்டர் மாஸ்க் என்ற மெல்லிய பூச்சு மட்டும்தான், அது ஓரிடத்தில் உரசிப் போனால் ஷார்ட்.

பேஸ்ட் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி பதிந்திருந்தால் சோல்டர்தான் குற்றவாளி. சிப்பின் அந்தப் பெரிய பேடுக்கடியில் காற்றுக்குமிழி நின்றிருக்கும். ஃபிளக்ஸ் (சோல்டர் நன்றாகப் பிடிக்க உதவும் பசை) விட்டு, போர்டை அடியிலிருந்து சூடேற்றிக்கொண்டே மேலே ஹாட் ஏர் பிடித்து அந்த இரண்டு சிப்பையும் மறுபடி உட்காரவையுங்கள். அடிச்சூடு இல்லாமல் மேலே மட்டும் காய்ச்சினால் கிரவுண்ட் செம்பு எல்லாச் சூட்டையும் இழுத்துக்கொள்ளும், சிப் வெந்துபோகும், சோல்டர் உருகாது. பழைய ஈயச் சோல்டர் 183 டிகிரியில் உருகும், ஈயமில்லாதது 217-க்கு மேல். பிரீஹீட்டர் இல்லையா? நாகர்கோவிலில் நல்ல மொபைல் சர்வீஸ் கடையில் கேட்டுப் பாருங்கள்.

அதுவரை ஓட்டிப் பார்க்க வேண்டுமென்றால் வோல்டேஜையும் ஃப்ரீக்வென்சியையும் (சிப் ஓடும் வேகத்தையும்) 10 சதவீதம் குறையுங்கள். பவர் வோல்டேஜின் வர்க்கத்தோடும் ஃப்ரீக்வென்சியோடும் ஏறுவதால் சூடு கிட்டத்தட்ட 27 சதவீதம் இறங்கும்.

காசு கணக்கையும் சொல்லிவிடுகிறேன். எஸ்9-ல் 189 சிப், சுமார் 1,350 வாட். அப்படியென்றால் உங்கள் 4 சிப்புக்கு 30 வாட் வரும், இரண்டு மாத பில்லில் 43 யூனிட். கிடைப்பது அந்தக் கரண்டுக்கே காணாது, கிடைத்து விற்றாலும் லாபத்தில் 30 சதவீதம் வரி. கற்றுக்கொள்ளச் செய்கிறீர்கள் என்றால் சரி, தாராளமாகச் செய்யுங்கள்.

ஒன்று விட்டுப்போனது. கடற்காற்றுக்காக ஜன்னலோரம் வைத்திருந்தால் உடனே இடம் மாற்றுங்கள். உப்பு படிந்து ஈரம் பிடித்தால் சிப் கால்கள் பச்சை பூத்துவிடும். வேலை முடிந்ததும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கழுவிக் காயவைத்து, ஹீட்சிங்க் ஒட்டும் இடத்தை மட்டும் மறைத்துவிட்டு கன்ஃபார்மல் கோட்டிங் (ஈரம் புகாமல் காக்கும் பூச்சு) அடியுங்கள்.