கிடங்கில் நிற்கும் இன்ஜினியர்

கேள்வி: என் மகன் இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங் முடித்துவிட்டு, செங்குன்றம் பக்கம் ஒரு சூப்பர் மார்க்கெட் நிறுவனத்தின் கிடங்கில் வேலை பார்க்கிறான். ‘அட்டைப் பெட்டி எண்ணுவதற்கா இன்ஜினியரிங்?’ என்று என் மைத்துனர் கேலி பேசுகிறார். இதே படிப்பைப் படித்தவர் வால்மார்ட்டுக்கே தலைவராக இருந்தாராமே? அந்தப் படிப்பு என் மகனையும் மேலே கொண்டுபோகாதா?
(வாசகர், தண்டையார்பேட்டை)

பதில்: தலைவராக இருந்தது உண்மைதான். மைக் டியூக் 1971-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் இந்தப் பட்டம் பெற்றவர்; 2009 பிப்ரவரியில் வால்மார்ட்டின் தலைமைச் செயல் அதிகாரி ஆனார். இடைப்பட்ட 38 ஆண்டுகளை உங்கள் கேள்வி சத்தமில்லாமல் தாண்டிவிடுகிறது. இருபது ஆண்டுகளுக்கு மேல் வேறு கடை நிறுவனங்களில் உழைத்துவிட்டு, 1995-இல் வால்மார்ட்டில் சேர்ந்தபோது அவருக்குக் கிடைத்தது சரக்கு விநியோகப் பிரிவுதான்; 2003-இல் அமெரிக்கக் கடைகளும், 2005-இல் வெளிநாட்டு வணிகமும் அவர் பொறுப்புக்கு வந்தன. (ஆப்பிளின் டிம் குக்கும் இதே படிப்பு என்று யாராவது சொல்லக்கூடும்; அது சரிதான், ஆனால் மளிகைக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை.)

உங்கள் மைத்துனருக்கும் ஒரு தகவல். டியூக்குக்கு முன் அந்தப் பதவியில் இருந்த லீ ஸ்காட் லாரிப் போக்குவரத்துத் துறையிலிருந்து வந்தவர். பின்னால் வந்த டக் மெக்மில்லன் 1984-இல் அதே நிறுவனத்தின் கிடங்கில் கோடை விடுமுறை வேலையாகச் சரக்கு இறக்கியவர். மளிகை வியாபாரத்தில் ரூபாய்க்குச் சில காசுகளே தங்கும் என்பதால், சரக்கு எங்கே எத்தனை நாள் தூங்குகிறது என்று தெரிந்தவனே லாபம் எங்கே ஒழுகுகிறது என்றும் தெரிந்தவனாக இருக்கிறான். கடைசியாக இறக்க வேண்டிய கடையின் சரக்கை லாரியில் முதலில் ஏற்றாவிட்டால், வழியில் ஒவ்வொரு கடை வாசலிலும் பாதிப் பெட்டிகளை இறக்கி மறுபடி ஏற்ற வேண்டியிருக்கும் என்பது எந்த லோடுமேனுக்கும் தெரியும். அந்த அறிவைப் பல கடைகளுக்கும் பல நூறு பொருள்களுக்கும் சேர்த்துக் கணக்காக்குவதே உங்கள் மகன் படித்த படிப்பு.

ஆனால் கிடங்குக் கணக்கில் கெட்டிக்காரனாக இருப்பது மட்டும் யாரையும் தலைவனாக்காது. பண்டிகை நாளில் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டின் துணிக்கடைகளைப் பாருங்கள்: பில் போட ஓர் இடம், பணம் கட்ட ஓர் இடம், பொட்டலம் வாங்க ஓர் இடம் என்று ஒரே புடவைக்காக மூன்று வரிசை நிற்கும் கடைகள் உண்டு. இன்ஜினியர் அதைப் பார்த்ததும் மூன்றையும் ஒன்றாக்கச் சொல்வார். முதலாளியோ, பில் போடுபவர் கையில் பணமும் சரக்கும் சேர்ந்து இருக்கக் கூடாது என்பதற்காகவே அவற்றைப் பிரித்து வைத்திருப்பார். இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. காத்திருப்பையும் குறைத்து, கல்லாவின் பாதுகாப்பையும் கெடுக்காமல் ஒரு வழி சொல்லத் தெரிந்தவரிடம்தான் நிறுவனம் அடுத்த பொறுப்பை நம்பிக் கொடுக்கும். அந்தத் தெளிவு கடைத் தளத்தில், வாடிக்கையாளரின் கோபத்துக்கு எதிரே நின்றால்தான் வரும்.

ஆகவே, கிடங்கு வேலை பிடிபட்டதும் கடை ஒன்றின் நிர்வாகத்துக்கும், பிறகு கொள்முதல் பிரிவுக்கும் மாற்றல் கேட்கச் சொல்லுங்கள். தொடக்கத்தில் சம்பளம் உயராமலே அந்த மாற்றல் வரலாம்; அப்போது வேண்டாம் என்று தடுக்கப்போவது மைத்துனராக இருக்காது, அநேகமாக நீங்களாகத்தான் இருப்பீர்கள்.