75ஆம் இதழுக்குப் பிறகு லூசிஃபர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நீங்கள் எழுதியதைப் படித்துத்தான் மைக் கேரியின் ‘லூசிஃபர்’ காமிக்ஸை வாங்கினேன். 75 இதழ்களையும் முடித்துவிட்டேன். முடித்த கையோடு, அதே கதையை வேறு சிலரும் தொடர்ந்திருக்கிறார்கள் என்று தெரியவந்தது. சந்தோஷத்தைவிட எரிச்சல்தான் வந்தது. அவ்வளவு நிறைவாக முடிந்ததை எதற்கு மறுபடி கிளற வேண்டும்? பணத்தைத் தவிர வேறு காரணம் இருக்கிறதா? நான் அவற்றைப் படிக்கலாமா, வேண்டாமா?

ர., திண்டுக்கல்

அன்புள்ள ர.,

பணமும் ஒரு காரணம்தான், அதை மறைப்பானேன்? கடவுளை எதிர்த்து வீழ்ந்த தேவதையான இந்த லூசிஃபர், அமெரிக்க காமிக்ஸ் பதிப்பகமான டிசியின் சொத்து. கேரி அதில் குடியிருந்துவிட்டுப் போனவர். கேரிக்குப் பிறகு ஹாலி பிளாக் எழுதிய முதல் இதழ் 2015 டிசம்பரில் வந்தது, லூசிஃபரை வைத்து எடுத்த தொலைக்காட்சித் தொடர் 2016 ஜனவரியில் தொடங்கியது. இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா என்ன?

ஆனால் முடிந்ததைக் கிளறக் கூடாது என்று வைத்துக்கொண்டால், நீங்கள் கொண்டாடும் அந்த 75 இதழ்களே வந்திருக்காது. கேரியும் இன்னொருவர் முடித்ததைத் தொடர்ந்தவர்தான். நீல் கெய்மனின் ‘சாண்ட்மேன்’ கதையில் லூசிஃபர் நரகத்தை ஆண்டு ஆண்டு சலித்துப்போய், அங்கிருந்த எல்லோரையும் வெளியேற்றிக் கதவுகளைப் பூட்டுகிறான். தன் சிறகுகளை வெட்டச் சொல்லி, கதாநாயகனான கனவுகளின் அரசன் மார்ஃபியஸிடம் கத்தியைக் கொடுக்கிறான், நரகத்தின் சாவியையும் அவன் தலையிலேயே கட்டிவிடுகிறான். பிறகு ஆஸ்திரேலியாவில் பெர்த் கடற்கரையில் சாய்வு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, சூரிய அஸ்தமனம் நன்றாகத்தான் இருக்கிறது என்று கடவுளிடம் வேண்டாவெறுப்பாக ஒத்துக்கொள்கிறான். அடுத்து அவனைப் பார்க்கும்போது லாஸ் ஏஞ்சல்ஸில், லக்ஸ் என்ற கேளிக்கை விடுதியில் பியானோ வாசித்துக்கொண்டிருக்கிறான். 1996இல் ‘சாண்ட்மேன்’ முடிந்தது. அதுவும் 75 இதழ்கள்தான்.

அங்கே ஒரு கேள்வி தொங்கிக்கொண்டிருந்தது. வேலையை விட்டாயிற்று, சரி. ஆனால் நீ வேலையை விடுவாய் என்பதும் உன் தகப்பனான கடவுள் முன்பே போட்ட கணக்கு என்றால் என்ன செய்வாய்? கெய்மன் அதைத் தொட்டதோடு சரி. 1999இல் மூன்று இதழ்க் குறுந்தொடராகவும் 2000 முதல் 2006 வரை மாத இதழாகவும் கேரி அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனார். சொர்க்கத்துக்கு ஒரு வேலை செய்து கொடுத்துக் கூலியாக வாங்கிய அனுமதிக் கடிதத்தை வைத்துப் படைப்புக்கு வெளியே வாசல் திறந்து, லூசிஃபர் தனக்கென ஓர் உலகம் செய்துகொள்கிறானே, அதெல்லாம் அந்த ஒரே கேள்வியின் நீட்சிதான். பேய்களோடு பேசிக்கொண்டிருந்த பள்ளிக்கூடப் பெண் எலெய்ன் கடைசியில் கடவுளின் இடத்துக்கே வந்துவிடுகிறாள். தகப்பன் நேரில் வந்து சமரசம் பேசுகிறார். இவன் மறுத்துவிட்டு, யாருடைய கணக்கும் இல்லாத வெளிக்குப் பறந்துவிடுகிறான். (இன்னும் படிக்காதவர்கள் மன்னிக்கவும். வெளிவந்து இத்தனை வருடமாயிற்று.)

உங்கள் எரிச்சல் நியாயமாவது இங்கேதான். கெய்மன் கேள்வியை விட்டுவைத்தார், கேரி அதற்குப் பதில் சொல்லி முடித்துவிட்டார். இனி தொடர வருகிறவர் எதையாவது உடைத்துத்தான் உள்ளே நுழைய முடியும். கௌபாய் காமிக்ஸ் நாயகன் லக்கி லூக்குக்கு இந்தச் சிக்கல் கிடையாது. அவனைப் படைத்த மோரிஸ் 2001இல் காலமான பிறகு ஆஷ்டே வரைகிறார், நாமும் தமிழில் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஒவ்வொரு கதையின் முடிவிலும் அந்த ஆள் பழையபடி தனியாகக் குதிரையேறிப் போய்விடுவதால் அடுத்தவர் எங்கிருந்தும் தொடங்கலாம். லூசிஃபரின் கதையோ அவன் திரும்பி வரமாட்டான் என்பதில்தான் நிற்கிறது.

ஹாலி பிளாக் அவனைத் திரும்ப வரவழைத்தார். கடவுள் கொலையாகிக் கிடக்கிறார், சந்தேகம் லூசிஃபர்மேல் விழுகிறது, சொர்க்கத்தில் இடமிழந்த கேப்ரியல் துப்புத் துலக்க வருகிறான். விறுவிறுப்பான தொடக்கம், லீ கார்பெட்டின் கோடுகளும் அழகு. ஆனால் எலெய்ன் கடவுளாகிவிட்ட பிறகு பழைய கடவுளின் பிணத்தைக் காட்டிக் கதையை ஓட்டுவது எனக்கு ஒட்டவில்லை. தகப்பனை உதறிவிட்டுப் போனவனை மறுபடி தகப்பன் விவகாரத்திலேயே கட்டிப்போட்டாயிற்று. பின்பாதியில் எழுத்து ரிச்சர்ட் காட்ரேயின் கைக்கு மாறியது, 19 இதழ்களில் நின்றுபோயிற்று.

டான் வாட்டர்ஸ் 2018இல் எழுதத் தொடங்கியது வேறு ரகம். யாரும் வெளியேற முடியாத ஒரு சிற்றூரில், பார்வையிழந்த, ஒன்றுமில்லாத கிழவனாக லூசிஃபர் அடைபட்டிருக்கிறான். எப்படி அங்கே வந்தான் என்பதே அவனுக்கு நினைவில்லை. ‘சாண்ட்மேன்’ படித்தவர்கள் ஓரிடத்தை மறந்திருக்க மாட்டார்கள். பரலோகத்தில் பணிவதைவிட நரகத்தில் ஆள்வது மேல் என்ற புகழ்பெற்ற வரியைத் தானே எடுத்துச் சொல்லிவிட்டு லூசிஃபர், அதை நாங்கள் சொல்லவில்லை, கவிஞர் மில்டன் சொன்னது, அவர் குருடர் என்று ஒரு குத்து விடுவான். அப்படி நக்கலடித்தவனையே வாட்டர்ஸ் குருடனாக்கி உட்கார வைத்திருக்கிறார். திட்டமிட்டுச் செய்தாரா என்பதல்ல, படிக்கும்போது எனக்குச் சுருக்கென்றது. கேரி விட்ட இடத்தில் அவர் கை வைக்கவே இல்லை. இவன் தகப்பனானால் எப்படி இருப்பான் என்று மகன் கேலிபனைத் தேடிப் புறப்படுகிறார். அது புதிய கேள்வி.

படைத்தவர் கையிலேயே உரிமை இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு, அதுவும் வீழ்ந்த தேவதை கதைதான். பீட்டர் டேவிட்டின் ‘ஃபாலன் ஏஞ்சல்’ 2003இல் டிசியில் தொடங்கி 20 இதழ்களோடு நிறுத்தப்பட்டது. அவர் கதையைத் தூக்கிக்கொண்டு ஐடிடபிள்யூ என்ற வேறொரு பதிப்பகத்துக்குப் போய் அங்கே தொடர்ந்தார். கேரிக்கு அப்படி ஒரு வழி இருந்ததில்லை.

ஆகவே வாட்டர்ஸைப் படியுங்கள், 24 இதழ்கள்தான். ஃபியுமாரா சகோதரர்களின் இருண்ட பக்கங்களுக்காகவே வாங்கலாம். ஆனால் உடனே வேண்டாம், கேரி கொஞ்சம் ஆறட்டும். ஹாலி பிளாக்கை யாரிடமாவது இரவல் வாங்கி முதல் ஆறு இதழ்களைப் பாருங்கள், மேலே போவதும் போகாததும் உங்கள் இஷ்டம். தொலைக்காட்சித் தொடரைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கப்போவதில்லை.