நான்கில் ஏழா, ஏழு காலா? தகா பின்னம்: கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தகா பின்னம் பற்றியவை. தொகுதி, பகுதி எது என்று தெரிந்தவர்களுக்காகவே பதில் எழுதுகிறேன்.

4/4 தகு பின்னமா, தகா பின்னமா? வீட்டில் பெரிய வாக்குவாதம். (ஒரு தந்தை, கரூர்)

தகா பின்னம். மேலே உள்ள தொகுதி, கீழே உள்ள பகுதிக்குச் சமமாக இருந்தாலே போதும், பெரிதாக இருக்க வேண்டியதில்லை.

7/4ஐ ‘நான்கில் ஏழு’ என்று வாசித்துக் காட்டினேன். “நாலு துண்டுதானே இருக்கு, ஏழு எப்படி எடுக்கிறது?” என்கிறான் மகன். என்ன சொல்வது? (ஒரு தாய், திருப்பூர்)

உங்கள் மகன் சரியாகத்தான் கேட்கிறான். கோளாறு நாம் வாசிக்கும் விதத்தில் இருக்கிறது. முப்பது வருடமாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், மறுபடியும் சொல்கிறேன்.

3/4ஐ ‘நான்கில் மூன்று’ என்று வாசிக்கப் பழக்குகிறோம். ஒரு தோசையை நான்காகப் பிய்த்து மூன்றைத் தின்றால் நான்கில் மூன்று. தகு பின்னம் வரைக்கும் இது ஓடும். 7/4 வந்ததும் நின்றுவிடும். நான்கிலிருந்து ஏழை யாராலும் எடுக்க முடியாது. போதாக்குறைக்கு அதன் பெயரும் ‘தகா’ பின்னம். பிள்ளை இதை ஏதோ தப்பான எண் என்று முடிவு கட்டிவிடுகிறது. என் வகுப்பில் ஒரு பெண் 9/5 என்று சரியான விடையைப் போட்டாள். அப்புறம் அதை அடித்துவிட்டு 5/9 என்று எழுதினாள். ஏன் அடித்தாய் என்றதற்கு, “பெரிய நம்பர் மேலே வரக்கூடாதுல்ல மிஸ்” என்றாள். அன்றிலிருந்து என் வகுப்பில் ‘நான்கில்’ என்று வாசிப்பதை விட்டுவிட்டேன்.

பகுதி என்பது துண்டின் பெயர். தொகுதி, அந்தத் துண்டு எத்தனை என்பது. 1/4க்கு நம்மிடம் ‘கால்’ என்று பெயரே இருக்கிறது. அப்படியானால் 7/4 என்பது ஏழு கால். ஒரு கால், இரண்டு கால், மூன்று கால் என்று எண்ணிக்கொண்டு போங்கள். நான்கோடு நிறுத்த எந்தக் காரணமும் இல்லை.

சமையலறையில் செய்து காட்டுங்கள். ஒரு லிட்டர் பாட்டில் இரண்டு, கால் லிட்டர் டம்ளர் ஒன்று. அவனையே தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள், சத்தமாக எண்ணிக்கொண்டே. நாலாவது டம்ளரில் முதல் பாட்டில் நிறைந்துவிடும். ஐந்தாவது டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் முழிப்பான், பிறகு தானே அடுத்த பாட்டிலை இழுப்பான். நீங்கள் குறுக்கே பேசாதீர்கள். ஏழாவது ஊற்றியதும், “எத்தனை கால் ஊற்றினாய்? மொத்தம் எத்தனை லிட்டர்?” என்று கேளுங்கள். ஏழு காலும் ஒன்றே முக்காலும் அதே தண்ணீர்தான் என்பதைக் கண்ணால் பார்த்துவிடுவான்.

நாலணா (25 காசு) புழங்கிய வீடுகளில் இது தானாக வந்தது. ஏழு நாலணா என்றால் ஒன்றே முக்கால் ரூபாய். 2011 ஜூன் 30 முதல் 25 காசு செல்லாது என்றாகிவிட்டதால் இன்றைய பிள்ளை அதை எண்ணிப் பார்த்ததே இல்லை. அதற்கும் முன்னால் கால் படிக்கு உழக்கு, அரைக்கால் படிக்கு ஆழாக்கு என்று துண்டுக்குத் தனிப் பெயர் இருந்தது. ஒன்பது உழக்கு அரிசி என்றால் இரண்டே கால் படி. யாரும் திகைத்ததில்லை. 1/3க்குப் பேச்சில் அப்படி ஒரு பெயர் இல்லையே என்பீர்கள். ‘மூன்றிலொன்று’ என்பதையே பெயராக வைத்துக்கொள்ளுங்கள். 5/3 என்றால் மூன்றிலொன்று ஐந்து.

என் பெண்ணுக்குப் பின்னமே வரவில்லை. சுலபமான வழி ஒன்று சொல்லவும். (ஊர் குறிப்பிடவில்லை)

எந்த வகுப்பு? எந்தக் கணக்கு? என்ன விடை எழுதினாள்? இது எதுவும் இல்லாமல் நான் என்ன சொல்ல முடியும்? அவள் தப்பாகப் போட்ட ஒரு கணக்கை, அழிக்காமல், அப்படியே படமெடுத்து அனுப்புங்கள். அதில்தான் அவள் என்ன நினைத்தாள் என்பது தெரியும்.

இரண்டு வட்டம், ஒவ்வொன்றிலும் நான்கு சம பாகம். ஏழு பாகத்துக்கு நிறம் தீட்டிக் கொடுத்தால் வகுப்பில் பாதிப் பேர் 7/8 என்று எழுதுகிறார்கள். (ஆசிரியை, விழுப்புரம்)

இரண்டு வட்டமும் சேர்ந்து ஒரு முழுமை என்றால் 7/8 சரியான விடை! ஒரு வட்டம்தான் ‘ஒன்று’ என்று நீங்கள் சொல்லவில்லை. படத்துக்கு மேலே ‘ஒரு வட்டம் = 1’ என்று எழுதிப் பாருங்கள், பாதித் தவறு போய்விடும்.

மீதிக்கு வட்டத்தை விட்டு தாள் பட்டைக்கு வாருங்கள். பட்டையை நான்காக மடித்துப் பிரித்தால் மூன்று மடிப்புத் தடம் இருக்கும். அதே நீளத்தை ஒன்றாக வைத்துக் கரும்பலகையில் 0, 1, 2 என எண்கோடு போடுங்கள். பட்டையை 0இல் வைத்து 1/4, 2/4, 3/4, 4/4 குறிக்கட்டும். பிறகு 1க்கு நகர்த்தி 5/4, 6/4, 7/4. 2க்கு ஒரு மடிப்பு முன்னால் நிற்கும் எண்ணை 7/8 என்று சொல்ல மாட்டார்கள். ஏனென்றால் 7/8 ஒன்றைக்கூடத் தாண்டாது. எந்தப் பின்னப் படமானாலும் ‘ஒன்று’ எது என்று முதலில் சொல்லுங்கள்.

2¾ போன்ற கலப்பு பின்னத்தைத் தகா பின்னமாக மாற்ற, பெருக்கிக் கூட்டும் விதியைச் சொல்லிக் கொடுத்தேன். அடுத்த வாரமே மறந்துவிடுகிறார்கள். (டியூஷன் எடுப்பவர், மதுரை)

மறக்கத்தான் செய்வார்கள். 2¾ இருக்கிறது. இரண்டு முழுசில் எத்தனை கால்? எட்டு. மேற்கொண்டு மூன்று. ஆக, பதினொரு கால், 11/4. உங்கள் 2 × 4 + 3 இந்த எண்ணிக்கைதான். பத்துப் பதினைந்து கணக்கை இப்படி வாயால் சொன்ன பிள்ளை விதியைத் தானே கண்டுபிடித்து உங்களிடம் வந்து சொல்லும். முதல் நாளே விதியைச் சொல்லாதீர்கள்.

2¼ என்றால் 2 × ¼ என்கிறாள் ஏழாம் வகுப்பு மகள். (ஒரு தாய், நாகர்கோவில்)

2x என்றால் பெருக்கல் என்று இப்போதுதான் படித்திருப்பாள், அதனால் வரும் குழப்பம். சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள்: இரண்டே கால். அந்த ‘ஏ’தான் கூட்டல் குறி.

15/4 என்ற விடைக்கு ஒரு மதிப்பெண் குறைத்துவிட்டார்கள். கலப்பு பின்னமாகத்தான் எழுத வேண்டுமா? (ஒரு தந்தை, சேலம்)

கேள்வியில் அப்படிக் கேட்டிருந்தால் எழுத வேண்டும். கேட்காவிட்டால் 15/4 குறையில்லாத விடை. ஆசிரியரிடம் பேசுங்கள், பிள்ளையை வைத்துக்கொண்டு வேண்டாம்.

பேசவும் அளக்கவும் கலப்பு பின்னம் வசதி. பெருக்க, வகுக்கத் தகா பின்னம்தான் கை கொடுக்கும். 2½ × 1½ஐ அப்படியே பெருக்கும் பிள்ளை, 2 × 1 = 2, ½ × ½ = ¼, ஆக 2¼ என்று எழுதும். 5/2 × 3/2 = 15/4, அதாவது 3¾. சந்தேகமிருந்தால் மனக்கணக்காகப் பாருங்கள்: ஒன்றரை மடங்கு என்றால் இரண்டரையும் அதில் பாதியும். பாதி ஒன்றே கால். கூட்டினால் மூன்றே முக்கால்.

22/7 தகா பின்னமா? (மாணவர், தஞ்சாவூர்)

ஆம். 3 1/7. ஆனால் அதுவே பை (π) என்று எழுதாதே. பைக்கு அருகில் இருக்கும் ஓர் எண் அது, பையைவிடத் துளி பெரிது.