அடித்து எழுதிய வார்த்தை

கேள்வி: நொடியில் மெசேஜ் போய்ச் சேரும் காலத்தில் நீங்கள் இன்னும் கையால் கடிதம் எழுதுகிறீர்களாமே! அதில் அப்படி என்ன இருக்கிறது?

பதில்: ஆமாம், மாதத்துக்கு ஒன்றோ இரண்டோ எழுதுகிறேன். வேகத்தில் கடிதம் தோற்றுப் பல காலம் ஆயிற்று. "பத்திரமாக வந்து சேர்ந்தேன்" என்று சொல்ல நானும் வாட்ஸ்அப்பைத்தான் திறக்கிறேன்.

ஆனால் அப்பா எனக்கு எழுதிய 11 கடிதங்கள் என்னிடம் இருக்கின்றன. ஒன்றில் "கோபம்" என்று எழுதி அடித்துவிட்டு, மேலே "வருத்தம்" என்று எழுதியிருக்கிறார். அந்த அடித்தலை வெளிச்சத்தில் பிடித்து எத்தனை முறை பார்த்திருப்பேன்! மெசேஜாக வந்திருந்தால், கோபம் என்ற சொல் அங்கே இருந்ததே எனக்குத் தெரிந்திருக்காது. கடைசிக் கடிதத்தில் வரிகள் கீழே சரிந்துகொண்டே போகின்றன. கை நடுங்க ஆரம்பித்ததை அவர் எங்கும் சொல்லவில்லை, எழுத்து சொல்லிவிட்டது.

ஓவியர் வான்கா தம்பி தியோவுக்கு எழுதியவற்றில் 600-க்கும் மேற்பட்ட கடிதங்கள் இன்றும் இருக்கின்றன. தியோவின் மனைவி அவற்றைப் பாதுகாத்து 1914-இல் அச்சிட்டார். பல கடிதங்களில், தான் வரைந்துகொண்டிருந்த ஓவியத்தையே வான்கா சின்னதாகக் கீறிக் காட்டியிருப்பார். 1971-இல் முதல் மின்னஞ்சலை அனுப்பிய ரே டாம்லின்சனுக்கோ, அதில் என்ன எழுதினோம் என்பதே பிற்பாடு நினைவில்லை. (சோதனைக்கு அனுப்பியதுதானே, அவரைக் குறை சொல்ல முடியாது.)

சரி, நீங்களும் எழுதுவதானால் பால்பாயிண்ட் பேனாவே போதும். மை ஊற்றி எழுதும் பேனாவின் மை ஈரம் பட்டால் பெரும்பாலும் கரைந்துவிடும். அப்பாவின் கடிதங்களில் இரண்டு அப்படித்தான் மங்கின.