விளையாட்டில் வரும் சிவா ஏன் பனிப்பெண்?

கல்முனையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: ‘ஃபைனல் ஃபேன்டசி விளையாட்டில் சிவா என்ற பெயரில் நீலநிறப் பனிப்பெண் வருவது ஏன்? இது சிவனை இழிவுபடுத்துவதாகாதா?’

இந்த வீடியோ விளையாட்டுத் தொடரில், 1990இல் வெளியான 3ஆம் பாகத்தில் இப்பாத்திரம் அறிமுகமானது. விளையாடுபவர் அழைத்தவுடன் தோன்றி, எதிரிகளை உறையவைத்து மறைவதே அவள் வேலை. அரபுக் கதைகளின் பூதமான இஃப்ரித் நெருப்பு வடிவாகவும் வட ஐரோப்பியரின் பழந்தெய்வமான ஓடின் குதிரை வீரனாகவும் அதே வரிசையில் நிற்பதைப் பார்த்தால், அந்த யப்பானியப் படைப்பாளிகள் பல நாட்டுத் தொன்மங்களிலிருந்து பெயர்களை எடுத்தார்களேயன்றி வழிபாட்டை எடுக்கவில்லை என்பது விளங்கும். (பனிக்குக் கயிலைதான் காரணமோ என்று நான் நினைத்ததுண்டு, அது வெறும் ஊகம்.) ஆகவே இதை இழிவு என்பதைவிட, அக்கறையில்லாத இரவல் என்றே சொல்வேன்.

‘ஸ்மைட்’ விளையாட்டின் காளி வேறு விடயம். அங்கே பெயரோடு உருவமும் எடுக்கப்பட்டு, விளையாடுபவரே தெய்வத்தை இயக்குவதால், 2012இல் இந்து அமைப்பொன்று எதிர்ப்புத் தெரிவித்தது.

தெய்வக் கதையின் வேடம் பூணுவது நமக்குப் புதிதல்ல. உங்களூருக்கு அருகே பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் பாண்டவர் வேடம் தாங்குவோர் நோன்பிருந்து, வனவாசம் சென்று, தீ மிதிக்கிறார்கள். திரையில் அந்த நோன்புக்கு இடமில்லை. பனிப்பெண்ணை விதவிதமாக வரையும் இரசிகர்கள் பலருக்கு, அது ஒரு தெய்வத்தின் பெயர் என்ற நினைவும் இருப்பதில்லை.